“ஒண்ணும் இல்லீங்க டாக்டர்”: ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் வேலை பார்க்கும் தமிழ் டாக்டர்களுக்கும், மிஸ்ஸிகள் என்று நாம் கூப்பிடும் நர்ஸ்களுக்கும், எம்.ஏ. என்கிற மருத்துவ உதவியாளர் தம்பிகளுக்கும்,

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை, எந்தச் சங்கத்துக்கும் தலைவியும் இல்லை. பால்மரம் வெட்டியவர்களின் மகள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றியபோது அங்கிருந்து கிளம்பி, இப்போது டவுனுக்குப் பக்கத்தில் ஒரு மலிவு விலை வீட்டில் இருக்கிறேன். என்னிடம் ஒரு பழைய கஞ்சில் கார் உண்டு. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பகல் நேரத்தில் வாசலில் நிற்கும் கார் அது ஒன்றுதான். அதனாலேயே ஒன்பது வருடமாக அக்கம்பக்கத்துப் பெரியம்மாக்களையும் தாத்தாக்களையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் பொறுப்பாகிவிட்டது. சம்பளம் கிடையாது. முருங்கைக்கீரை கிடைக்கும், சில நாள் நாட்டுக்கோழி முட்டை கிடைக்கும்.

போன மாதம் நடந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். எந்த இடம், யார் என்பதெல்லாம் வேண்டாம்.

எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுப் பெரியம்மாவுக்கு வயது 79. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, ரொம்ப நாளாக இருக்கிறது. மறுநாள் காலையில் ரத்தம் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றோடு வர வேண்டும். இதைச் சொல்ல வந்த டாக்டர் தங்கச்சி நல்ல மரியாதையான பிள்ளை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் மலாயில் ‘புவாசா’ என்று சொல்வதை யோசித்து யோசித்துத் தமிழாக்கி, “பாட்டி, நாளைக்கு விரதம் இருந்து வாங்க” என்றார். பெரியம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. விரதம் அவருக்குத் தெரியாததா? கந்த சஷ்டி, புரட்டாசிச் சனி, கார்த்திகை என்று அறுபது வருடமாக இருக்கிறார். மறுநாள் விடிவதற்கு முன்னால் குளித்து, சாமி கும்பிட்டு, விரதக்காரர் சாப்பிடக்கூடியபடி ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு காரில் ஏறினார். “ஒண்ணும் சாப்பிடலையே பெரியம்மா?” என்று நானும்தான் கேட்டேன். “சீச்சீ, விரதம்ல” என்றார்.

சீனி அளவு ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் விடியற்காலையில் பேத்தி வந்து என் கதவைத் தட்டினாள். போய்ப் பார்த்தால் பெரியம்மா சேலையெல்லாம் நனைய வேர்த்து, கை நடுங்கி, என்னைப் பார்த்து வேறு யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சீனி இறங்கிவிட்டது. மைலோவில் நாலு கரண்டி சீனி போட்டுக் குடிக்க வைத்த பிறகுதான் கண் தெளிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் அந்தப் பாலும் பழமும் வெளியே வந்தன.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் அலட்சியமாகவும் இல்லை. டாக்டரும் தமிழ், நோயாளியும் தமிழ், நடுவில் நின்ற நானும் தமிழ். அப்படியிருந்தும் ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருந்தது. இப்படி நடப்பது எனக்கு முதல் தடவை இல்லை என்பதால்தான் இந்த மடல்.

‘பசியாறுவது’ என்ற சொல்லையே பாருங்கள். மலேசியத் தமிழர் வாயில் புழங்குகிற அழகான சொல். காலை உணவு, சிற்றுண்டி என்றெல்லாம் நாம் சொல்வதில்லை, பசியாறியாச்சா என்றுதான் கேட்போம். ஆனால் தோட்டத்து மனிதருக்கு அது எந்த நேரம்? பால்மரத்தை விடியுமுன் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் நாலு மணிக்கு எழுந்து, கறுப்புக் கோப்பியோ பால் தேத்தண்ணியோ குடித்து, ரெண்டு பிஸ்கட்டை நனைத்துத் தின்றுவிட்டு, வேலைக்கு ஆள் கூடி நிற்கும் பெரட்டுக்கு ஓடுவார்கள். தங்களுக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரையை முடித்த பிறகு, காட்டில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பதுதான் பசியாறல். முதலில் குடித்த தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கணக்கிலேயே வராது. தோட்டம் போய் முப்பது வருடம் ஆகியும் அந்தக் கடிகாரம் உடம்புக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. “பசியாறிட்டீங்களா?” என்று நீங்கள் கேட்டால் “இல்லீங்க” என்பார்கள், சத்தியமான பதில். வயிற்றில் கட்டிப்பால் தேத்தண்ணி இருக்கும். “பசியாறினதுக்கு அப்புறம் மாத்திரை போடுங்க” என்றால் பத்து மணிக்குத்தான் போடுவார்கள்.

விரதம் என்று சொல்லாதீர்கள். “ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் பச்சைத் தண்ணி மட்டும்தான், தேத்தண்ணி கூடாது, பால் கூடாது, பழம் கூடாது, வெத்தலை கூடாது” என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வெற்றிலையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அப்புறம் இந்த “ஒண்ணும் இல்லீங்க டாக்டர்.”

இதுதான் உங்களுக்கு அதிகம் எரிச்சல் தருவது என்று எனக்குத் தெரியும். வீட்டில் மூன்று நாள் முனகியிருப்பார். என் காரில் வரும் வழியெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு “அம்மா, அய்யா” என்றிருப்பார். உங்கள் மேசைக்கு முன்னால் வந்ததும் முந்தானையைச் சரிசெய்து, சிரித்து, “ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்கேன்” என்பார். நீங்களும் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவீர்கள். வெளியே வந்ததும் “டாக்டர் ஒண்ணுமே கேக்கல” என்று என்னிடம் குறை சொல்வார். நானே சில தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்.

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். விளக்கு வெளிச்சத்தில் தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். உடம்பு முடியவில்லை என்றால் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் போக வேண்டும். டிரெசர் நாக்கை நீட்டச் சொல்வார், நெற்றியில் கை வைப்பார். காய்ச்சல் அனலாகக் கொதித்தால் சரி. இடுப்பு வலி, தலை சுற்றல், பெண்களுக்கு வரும் வலி இதெல்லாம் தொட்டுப் பார்த்தால் தெரியாதே. “சும்மா சாக்கு” என்று ஒரு வார்த்தை வந்தால் போச்சு, வேலையை மேற்பார்க்கும் தண்டல் காதுக்குப் போகும், வரிசை முழுக்கச் சோம்பேறிப் பட்டம். என் அம்மா வயிற்றில் பிள்ளையோடு எட்டாம் மாதம் வரை வாளி தூக்கியவர். நோயைச் சொல்வது அவருக்குக் கூலியை இழப்பது, மானத்தையும் இழப்பது. மருந்து கொடுக்கும் மனிதர் முன்னால் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிப் பழகிய வாய் அது. நல்ல டிரெசர்களும் இருந்தார்கள், சொல்லாமல் விட்டால் பாவம். எங்கள் தோட்டத்தில் ஒருவர் இருந்தார், ராத்திரியில் சைக்கிளில் லயத்துக்கே வந்து பார்ப்பார். ஆனால் பெரட்டில் அவரும் வேறு ஆளாகத்தான் இருப்பார்.

எங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் ஃபின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைகள், அதாவது தோட்ட நிர்வாகிகள், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளை ஒடுக்க நாடு முழுக்க அவசரகாலம். 1960 வரை நீடித்தது. பள்ளிப் பாடத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள். பாடத்தில் இல்லாததை என் அம்மா சொல்வார்: பகலில் அரசாங்க ஆள் வந்து கேட்பார், ராத்திரியில் காட்டிலிருந்து கம்யூனிஸ்டுக்காரர் வந்து கேட்பார், யாருக்கு என்ன பதில் சொன்னாலும் ஆபத்து. “தெரியாதுங்க, ஒண்ணும் இல்லீங்க” என்பதுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். இன்று உங்கள் முன்னால் உட்காரும் 85 வயதுக்காரர் அன்றைக்குச் சின்னப் பிள்ளை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர் யாராக இருந்தாலும் அவருக்குள் ஏதோ ஒன்று இறுகிக்கொள்கிறது. நான் கொஞ்சம் அதிகமாகவே யோசிக்கிறேனோ என்னவோ. ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட டாக்டரிடம் அவர்கள் வேறு மாதிரி பேசியதை இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக்காரத் துரைகளும் தமிழ் பேசினார்கள் தெரியுமா? தோட்டத்தை நடத்தத் தமிழ் தெரிய வேண்டும் என்று படித்துக்கொண்டார்கள். என்ன தமிழ்? வா, போ, வெட்டு, கழுவு, சீக்கிரம். கட்டளைக்கு உண்டான தமிழ். பதிலைக் கேட்டுக்கொள்ள அந்தத் தமிழில் இடம் இல்லை. தம்பி, தங்கச்சிகளே, கோபித்துக்கொள்ளக் கூடாது. “கையை நீட்டு, வாயைத் திற, மூச்சை இழு, ஏன் மருந்து சாப்பிடல?” என்று உங்களில் சிலர் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு அந்தத் தமிழ்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நீங்கள் திமிரில் பேசவில்லை என்று தெரியும். கோலாலம்பூரில் வளர்ந்து, வீட்டிலும் ஆங்கிலம் கலந்து பேசி, ரஷ்யாவிலோ இந்தோனேசியாவிலோ படித்துவிட்டு வந்தவர்களுக்கு ‘ங்க’ தானாக வராது. ஆனால் கேட்கிற பாட்டிக்கு அந்த ஓர் எழுத்தில்தான் எல்லாமே இருக்கிறது. “வாயைத் திறங்க பாட்டி” என்றால் அவர் நோயாளி, “வாயைத் திற” என்றால் அவர் பெரட்டில் நிற்கிறார்.

எங்கள் ஊரில் ஒரு மலாய் மிஸ்ஸி இருக்கிறார். கம்பத்துப் பெண், கிராமத்துக்காரி. தமிழில் அவருக்கு மொத்தம் ஏழெட்டு வார்த்தைதான் தெரியும். நம்பர் கூப்பிட்டு உள்ளே போனதும், “அம்மா, சூடா மாக்கான்?” என்று மலாயில் கேட்பார். சாப்பிட்டாச்சா என்று. மணிக்கட்டைப் பிடித்தபடியே பேரப்பிள்ளைகளைக் கேட்பார், மழையைக் கேட்பார், வெண்டைக்காய் விலையைக் கேட்பார். எங்கள் கிழவிகளின் மலாய் பாசாவில், அதாவது சந்தையில், பேசுகிற மலாய், அவருடையது பேராக் கம்பத்து மலாய். இரண்டும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். எந்தத் தமிழ் டாக்டரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிடுவார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. சாப்பிட்டாச்சா என்று தமிழரும் கேட்போம், மலாய்க்காரரும் கேட்பார்கள், சீனரும் கேட்பார்கள். யாரும் சோற்றுக் கணக்கை எடுப்பதற்காகக் கேட்பதில்லை. நீ எனக்கு வேண்டியவள், இனிப் பேசலாம் என்று கதவைத் திறந்துவிடுகிற கேள்வி அது. நீங்கள் நேராக “என்ன பிரச்சினை?” என்று ஆரம்பிக்கிறீர்கள். பிரச்சினையா? பிரச்சினை என்றால் போலீஸ் வருவதல்லவா!

எங்கள் ஆட்கள் உண்மையைப் பேசுகிற விதமே தனி. முகத்துக்கு முகம் பார்த்து, கண்ணைப் பார்த்து, நேராகக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். கையில் ஒரு வேலை இருக்க வேண்டும், கண் வேறெங்கோ இருக்க வேண்டும். நெத்திலி கிள்ளும்போது, பூக் கட்டும்போது, பேன் பார்க்கும்போது, கார் ஓடும்போது பேசுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எனக்குக் கிடைத்த தகவல்களை எழுதி வைத்திருந்தால் உங்கள் ஃபைலைவிடப் பெரிதாக இருக்கும். நான் முன்சீட்டில், அவர் பின்சீட்டில், முகம் தெரியாது. அதுதான் காரணம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, வயது 63. வயிற்று வலி, வயிற்று வலி என்று ஆறு மாதமாக அலைந்தார். மகனுக்கு லீவு கிடைக்காது, மருமகள் தொழிற்சாலையில் ஷிப்ட். அதனால் மொழிபெயர்க்கப் பதினோரு வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போவார். டாக்டர் கேட்பதை அவள் தமிழில் சொல்வாள், பாட்டி சொல்வதை மலாயில் சொல்வாள். கெட்டிக்காரக் குழந்தை. வலிக்கு மாத்திரை, வாயுவுக்கு மாத்திரை. ஒரு நாள் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமலே, “எனக்குத் திரும்பவும் தூரமாகுதுடி” என்றார். மாதவிலக்கு நின்று பன்னிரண்டு வருடம் ஆன பெண்ணுக்கு ரத்தம் போகிறது. அதைப் பேத்தியின் வாயால் எப்படிச் சொல்வார்? சொல்லியிருந்தாலும் ‘தூரம்’ என்ற சொல்லைக் கேட்டு அந்தக் குழந்தை தொலைவு என்று நினைத்து ‘ஜாவ்’ என்று மலாயில் மாற்றியிருக்கும். இப்போது ஈப்போ ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது. ஆறு மாதம் முன்னால் தெரிந்திருக்க வேண்டியது.

குழந்தைகளை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். மகனை வைத்தும் வேண்டாம், சில விஷயத்துக்கு. பக்கத்துப் படுக்கைக்காரியோ, கூட்டிப் பெருக்கும் அம்மாவோ மேல்.

இந்தத் தூரம் மாதிரிச் சொற்கள் நிறைய இருக்கின்றன. கர்ப்பம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘முழுகாம இருக்கா’ என்பார்கள். ஒரு தம்பி அதைக் கேட்டுவிட்டு “ஏன் குளிக்கல?” என்று கேட்டதாக ஒரு கதை உலவுகிறது, நிஜமா என்று தெரியாது, நாங்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். இது நிஜம்: ஒரு தாத்தா “மூணு நாளா வெளிக்குப் போகல” என்றார். பக்கத்தில் நின்ற தமிழ்ப் பிள்ளை டாக்டரிடம் “தியா தாக் கெலுவார் ரூமா தீகா ஹாரி” என்றது. மூன்று நாளாக வீட்டை விட்டு வெளியே போகவில்லையாம். டாக்டர் ரொம்ப அக்கறையாக, காலையில் காற்றாட நடக்கச் சொன்னார். தாத்தா வயிற்றைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். மலச்சிக்கலுக்கு நடப்பதும் நல்லதுதான் என்று நான் சும்மா இருந்திருக்கலாம், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மை போட்டால் ‘அம்மா வந்திருக்கு’ என்பார்கள், வாசலில் வேப்பிலை தொங்கும். புற்றுநோயைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ‘அந்த வியாதி’ என்பார்கள். பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் என்ற பயம். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு முன்னால் யோசியுங்கள். நீங்களும் நோயாளியின் எதிரில் அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஆங்கில எழுத்து இரண்டைத்தானே சொல்லிக்கொள்கிறீர்கள்?

சில சொற்கள் ஆளையே கொல்லும். ‘ரத்தக் கொதிப்பு’ என்று பேர் வைத்தது யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. கொதிப்பு என்றால் கோபம் வரும்போது வருவது, முகம் சிவக்கும்போது வருவது என்றே எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். “இப்ப எனக்குக் கொதிப்பே இல்ல, மனசு அமைதியா இருக்கு” என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்கவாதத்தில் விழுந்தவரை எனக்குத் தெரியும். ‘இனிப்பு நீர்’ என்பதும் அப்படித்தான். மலாயிலும் அதே அர்த்தத்தில்தான் பேர். பேரைக் கேட்டதும் இனிப்பை நிறுத்திவிடுவார்கள், தேத்தண்ணியில் சீனி போட மாட்டார்கள், மூன்று வேளையும் சோற்றை மலையாகக் குவித்துச் சாப்பிடுவார்கள். “நான்தான் இனிப்பே தொடுறதில்லையே” என்பார்கள். 2019இல் நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது, இந்தியர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். உங்களுக்கு இது மனப்பாடம். அந்த எண்ணுக்குப் பின்னால் நம் சமையலும் பழக்கமும் இருக்கின்றன, இந்தப் பேரும் கொஞ்சம் இருக்கிறது என்று நான் சந்தேகப்படுகிறேன்.

‘வாயு’ என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் தயவுசெய்து சிரிக்காதீர்கள். என் அப்பா நெஞ்சில் வாயு பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னார். ஓமத் தண்ணீர் கொடுத்தோம், பெருங்காயம் கொடுத்தோம், கோடாலித் தைலம் தேய்த்துவிட்டோம். விடிவதற்குள் போய்விட்டார். யாராவது வந்து வாயு என்றால், எங்கே, எந்தப் பக்கம், இடது கைக்கு இறங்குதா, தாடைக்கு ஏறுதா என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பேர் அது.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? ஒரு தாத்தா “மயக்கமா வருது” என்றார். நான் பெரிய மொழிபெயர்ப்பாளர் மாதிரி டாக்டரிடம் ‘பெங்சான்’ என்றேன், மயங்கி விழுந்தார் என்று அர்த்தம். அவருக்கு இருந்தது வெறும் தலைச்சுற்றல், ‘பெனிங்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நமக்கு மயக்கம் என்றால் தலை சுற்றுவதும் மயக்கம், பசியில் கண் இருட்டுவதும் மயக்கம், குமட்டுவதும் மயக்கம், விழுந்துவிடுவதும் மயக்கம். இரண்டு ராத்திரி வார்டில் படுக்க வைத்து, தலையைப் படம் எடுத்து, ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றி அவர் இன்றைக்கும் என்னைத் திட்டுகிறார்.

இன்னொன்று, ‘சரி’. “இந்த மாத்திரை இனி வேண்டாம், இதைப் போடுங்க, சரியா?” என்கிறீர்கள். “சரிங்க டாக்டர்” என்கிறார், தலையையும் ஆட்டுகிறார். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது என்பதுதான் அந்தச் சரிக்கு அர்த்தம். புரிந்தது என்றும் இல்லை, செய்கிறேன் என்றும் இல்லை. படித்த பிள்ளை சொல்வதை முகத்துக்கு எதிரே மறுப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. புரிந்ததா என்று கேட்காதீர்கள், அதற்கும் சரிதான் வரும். “வீட்டுக்குப் போனதும் இதை எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க” என்று மாத்திரையை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அப்போதுதான் பழைய டப்பாவும் புது டப்பாவும் சேர்ந்து வெளியே வரும்.

உங்கள் பக்கத்தையும் பார்க்காமல் இல்லை. வெளியே நாற்காலி போதாமல் நிற்கிறார்கள், ஒருவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தாலே பெரிது. ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு அப்படியே பகலிலும் உட்கார்ந்திருக்கிற முகங்களைப் பார்க்கிறேன். 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த டாக்டர்கள் நிரந்தர வேலை கேட்டு, கறுப்பு உடையில் ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்கள் தாமானில் கிழவிகள் எல்லாம் “பாவம் பிள்ளைங்க, இத்தனை நாள் வாயைத் திறக்கலையே” என்றார்கள். கொரோனா நேரத்தில் அத்தனை சாவுக்கு நடுவில் நின்றுவிட்டு, தங்கள் கஷ்டத்தைச் சொல்ல உங்களுக்கும் அவ்வளவு நாள் ஆனது. மேலே இருப்பவரிடம் ‘ஒண்ணும் இல்ல, சமாளிச்சிக்கிறேன்’ என்று சொல்கிற பழக்கம் உங்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது, பாட்டியிடமிருந்து பேரனுக்கு வந்த மாதிரி.

எங்கள் ஆட்களையும் நான் சும்மா விடுவதில்லை. காரில் ஏறியதும் பாடம் நடத்துகிறேன். “டாக்டர் கிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னா திரும்பி வர நடந்துதான் வரணும்” என்று மிரட்டியிருக்கிறேன். எங்கே வலிக்கிறதோ அதை விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன். பழைய மாத்திரை டப்பாவையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்கிறேன், கூடவே நாட்டு மருந்துச் சூரணத்தையும் சீனர் மருந்துக் கடையில் வாங்கியதையும். அதை உங்கள் முன்னால் வைத்தால் திட்டக் கூடாது, திட்டினால் அடுத்த தடவை ஒளித்துவிடுவார்கள். கொஞ்சம் மாறியிருக்கிறார்கள். ரொம்ப இல்லை.

குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரம் இருக்கிறது. ஒன்று அரசனின் மனதை அறிவது பற்றி, இன்னொன்று காதலியின் மனதை அறிவது பற்றி. முகத்தைப் பார்த்து மனதைப் படிப்பதை அவ்வளவு பெரிய வேலையாக வள்ளுவர் நினைத்திருக்கிறார். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்தை நாலாகப் பிரிக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, கூட இருந்து கவனிப்பவர். நாலாவது ஆளுக்கு ஆஸ்பத்திரியில் இடமே இல்லை. “ரிலேட்டிவ் வெளியே இருங்க” என்று கதவைச் சாத்துகிறீர்கள். எல்லா நேரமும் உள்ளே விட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவைச் சாத்துவதற்கு முன்னால் அரை நிமிடம், “அக்கா, இவங்க வீட்டுல எப்படி இருக்காங்க?” என்று எங்களைக் கேட்கலாம். அதற்கு மருத்துவப் படிப்பு எதுவும் வேண்டாம்.

அந்த அரை நிமிடமும், ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றும்போது கண்ணைப் பார்க்காமல் பேச்சுக் கொடுக்கும் பழக்கமும், அந்த ‘ங்க’வும் உங்களிடம் நான் கேட்பது. வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் போர்டு வைக்க வேண்டும் என்றெல்லாம் சங்கங்கள் கேட்கட்டும். எங்கள் பெரியம்மாக்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது.

வரும் வியாழக்கிழமை காலையில் ஒரு பாட்டியைக் கூட்டிவருகிறேன். ஊதாச் சேலை, காதில் பெரிய கம்மல், கையில் நெகிழிப் பை. உங்களில் யார் பார்ப்பீர்கள் என்று தெரியாது. எப்படி இருக்கீங்க என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்பார். முழங்கால் வலிக்குதா என்றால் வயசானா அப்படித்தான் என்று உங்களுக்கே ஆறுதல் சொல்வார். அதனால் முழங்காலைக் கேட்க வேண்டாம். கோழி எத்தனை இருக்குது பாட்டி என்று கேளுங்கள். பதினாலு இருந்தது, இப்போ மூணுதான் என்பார். ஏன் என்று கேளுங்கள். கூட்டுக்குள் குனிய முடியவில்லை, குனிந்தால் நிமிர முடியவில்லை, ராத்திரி திரும்பிப் படுத்தால் கால் மரத்துப் போகிறது என்று அவராகவே ஆரம்பிப்பார்.

அன்புடன்,
உங்கள் ஊர் அக்கா ஒருத்தி
சுங்கை சிப்புட், பேராக்